துப்பாக்கி லைசென்ஸும் பிரதேச சுயாதிகாரமும்: கிராமவாசிகள் அறிந்துகொள்ள வேண்டியவை

காட்டோரக் கிராமங்களில் நிலக்கடலையும் மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிடுவோருக்கு ஒரு பெருந் துன்பம் உண்டு. நான்கு மாதங்கள் பாடுபட்டு வளர்த்த பயிரைக் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று ஒரே இரவில் கிளறிப் பாழாக்கிவிடுகிறது. பரண் கட்டிக் காவலிருந்தும், தமுக்கு அடித்தும், தீப்பந்தம் காட்டியும் பயன் காணாத விவசாயிகள், "ஒரு துப்பாக்கி இருந்தால் இந்தத் தொல்லை தீருமே" என்று சொல்லிக்கொள்வதைக் கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களிலும் கேட்கலாம். அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கேள்விகளும் கூடவே எழுகின்றன. "குடகு நாட்டில் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்கிறார்களே, நமக்கு மாத்திரம் ஏன் இந்தக் கட்டுப்பாடு?" என்பது ஒன்று. "நமது மாநில சர்க்கார் மனம் வைத்தால் நமக்கும் அவ்வாறே அநுமதி கொடுக்கலாகாதா?" என்பது மற்றொன்று.

இவ்விரண்டு கேள்விகளும் நியாயமானவை. இவற்றிற்கு விடை தெரியாமையால் சிலர் தவறான அலுவலகங்களின் வாசலில் வருஷக்கணக்காகக் காத்திருக்கின்றனர். வேறு சிலர் பொறுமை இழந்து, லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியையோ, அவுட்டுக்காயையோ, மின்சாரக் கம்பியையோ நாடிச் சிறைக்கும் உயிர்ச்சேதத்திற்கும் ஆளாகின்றனர். ஆகவே துப்பாக்கி சம்பந்தமான அதிகாரம் யாரிடம் உள்ளது, மாநிலத்திற்கும் ஜில்லாவிற்கும் கிராமத்திற்கும் அதில் எவ்வளவு பங்கு உண்டு, சாதாரண விவசாயிக்குச் சட்டம் என்ன உரிமையைத் தருகிறது என்பவற்றை இங்கே விளக்குவோம்.

ஆயுதச் சட்டத்தின் வரலாறு

1857-ஆம் வருஷத்துக் கிளர்ச்சிக்குப் பின்னர், இந்திய ஜனங்களிடமிருந்து ஆயுதங்களை வாங்கிவிடவேண்டும் என்பது ஆங்கில ஆட்சியின் நோக்கமாயிற்று. 1860-இல் ஒரு சட்டமும், லிட்டன் பிரபு ராஜப்பிரதிநிதியாக இருந்த 1878-இல் அதைவிட விரிவான இந்திய ஆயுதச் சட்டமும் செய்யப்பட்டன. லைசென்ஸ் இன்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்பதே 1878-ஆம் வருஷத்துச் சட்டத்தின் சாரம். ஆனால் அந்த விதியிலிருந்து ஐரோப்பியர்களுக்கும் வேறு சில வகுப்பினருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. ஒரே ஊரில் தோட்ட முதலாளியான வெள்ளைக்காரருக்கு லைசென்ஸ் வேண்டாம், அவருக்கு அடுத்த நிலத்துக்காரரான இந்தியருக்கு வேண்டும் என்ற நிலை பெரிய மானக்குறைவாகக் கருதப்பட்டது.

இதனாலேயே ஆயுதச் சட்டத்தை எதிர்ப்பது தேசிய இயக்கத்தின் பழைய கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் பிரஜைகளின் உரிமைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

ஆயினும் சுதந்திரம் வந்தபின் அந்த உரிமை அரசியல் சட்டத்தில் இடம் பெறவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அவர்கள் அதைச் சேர்க்கவேண்டுமென்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கார் அதை ஏற்கவில்லை. சபையும் அதை நிராகரித்தது. ஆகையால், பேசும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றைப்போல ஆயுதம் வைத்திருப்பது இந்தியாவில் அடிப்படை உரிமை ஆகாது. சட்டம் எவ்வளவு அநுமதிக்கிறதோ அவ்வளவே உண்டு. இப்போது அமுலில் இருப்பது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். அது 1962 அக்டோபர் 1 முதல் அமுலுக்கு வந்தது. அதன்கீழ் 1962-இல் செய்த விதிகளுக்குப் பதிலாக 2016-இல் புதிய விதிகள் வந்தன. 2019-இல் சட்டத்திலும் முக்கியமான திருத்தங்கள் செய்யப்பட்டன.

அதிகாரம் யாருடையது?

நமது அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. முதற் பட்டியலிலுள்ள விஷயங்களைப் பற்றிப் பார்லிமெண்டு மாத்திரமே சட்டம் செய்யலாம். இரண்டாவது பட்டியலில் உள்ளவை மாநிலச் சட்டசபைக்கு உரியவை. மூன்றாவது பொதுப் பட்டியல். அதிலுள்ளவற்றைப் பற்றி இரு தரத்தாரும் சட்டம் செய்யலாமெனினும், முரண்பாடு நேர்ந்தால் பெரும்பாலும் பார்லிமெண்டின் சட்டமே நிற்கும்.

ஆயுதங்கள், துப்பாக்கிகள், வெடிமருந்துகள் என்பவை முதற் பட்டியலின் 5-ஆவது இனமாக உள்ளன. இது சுதந்திர இந்தியாவில் புதிதாக ஏற்பட்ட ஏற்பாடு அன்று. 1935-ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி 1937-இல் மாகாண சுயாட்சி ஏற்பட்டபோதும், ஆயுதம் மாகாணங்களிடம் ஒப்படைக்கப்படாமல் மத்தியப் பட்டியலிலேயே வைக்கப்பட்டிருந்தது.

நாகாலாந்து மாநிலத்தின் ஏற்பாட்டையும் இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். இந்தியாவில் மிக விரிவான தனியுரிமைகளைப் பெற்ற மாநிலங்களில் அது ஒன்று. அரசியல் சட்டத்தின் 371-ஏ பிரிவின்படி, நாகர்களின் மத, சமூக வழக்கங்கள், வழக்கச் சட்டம், அவ்வழக்கச் சட்டத்தின்படி நடக்கும் நீதி பரிபாலனம், நிலமும் அதன் வளங்களும் ஆகிய விஷயங்களில் பார்லிமெண்டு செய்யும் சட்டம், அம்மாநிலச் சட்டசபை தீர்மானித்தாலன்றி அங்கே செல்லாது. இந்தப் பட்டியலிலும் ஆயுதம் சேர்க்கப்படவில்லை.

ஆனால் சட்டம் செய்வது வேறு, அதை நடத்துவது வேறு. பொது அமைதியும் போலீஸும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. சாதாரணத் துப்பாக்கிகளுக்கு லைசென்ஸ் கொடுப்பவர் ஜில்லா மாஜிஸ்திரேட்டு. பெருநகரங்களில் போலீஸ் கமிஷனர். இவர்கள் மாநில நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள். மனுதாரரைப் பற்றி விசாரித்து அறிக்கை அனுப்புபவர் உள்ளூர்ப் போலீஸ் நிலைய அதிகாரி. ஆகவே துப்பாக்கி லைசென்ஸ் என்பது, டில்லியில் செய்த சட்டத்தை மாநிலத்து உத்தியோகஸ்தர் ஜில்லாவில் நடத்தும் காரியமாகும். மாநில சர்க்கார் தாமாகவே சட்டத்தைத் தளர்த்த முடியாது. ஆனால் சட்டம் சீக்கிரமாகவும் நியாயமாகவும் நடப்பதும் நடவாமற்போவதும் பெரும்பாலும் மாநிலத்தையும் ஜில்லாவையும் பொறுத்ததே.

குடகு நாட்டின் விலக்கு

இனிக் குடகைப் பற்றிய கேள்விக்கு வருவோம். 1834-இல் குடகு அரசர் பதவி இழந்து, நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1857-ஆம் வருஷத்துக் கிளர்ச்சியில் குடகர்கள் ஆங்கில ஆட்சிக்கு விசுவாசமாக இருந்ததைப் பாராட்டி, 1861-இல் மைசூர், குடகு கமிஷனராக இருந்த மார்க் கப்பன், ஆயுதம் பறிக்கும் சட்டத்திலிருந்து அவர்களுக்கு விலக்கு அளித்தார். அந்த விலக்கு பின்னர் வந்த சட்டங்களிலும் தொடர்ந்தது.

குடகு மக்களின் வாழ்க்கையில் ஆயுதத்திற்குரிய இடத்தையும் நாம் மறக்கலாகாது. கைல்போது என்னும் பண்டிகையில் அவர்கள் ஆயுதங்களை அலங்கரித்துப் பூஜை செய்கின்றனர். புத்தரி என்னும் அறுவடைத் திருநாளில் முதற் கதிர் அறுக்கும்போது துப்பாக்கி வெடி தீர்க்கப்படுகிறது. ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் வெடியோசையாலேயே அதை ஊராருக்கு அறிவிப்பதும் பழைய வழக்கம். மேடும் பள்ளமுமாகிய மலைநாட்டில் வீடுகள் ஒன்றுக்கொன்று தூரமாக இருப்பதால் இவ்வழக்கம் ஏற்பட்டதெனலாம்.

ஆங்கிலேயர் காலத்தில் தனி மாகாணமாக இருந்த குடகு, சுதந்திரத்திற்குப் பின் சிறிய தனி மாநிலமாக இருந்தது. 1952-இல் அதற்குத் தனிச் சட்டசபையும் மந்திரிசபையும் ஏற்பட்டன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அது மைசூர் மாநிலத்துடன் சேர்க்கப்பட்டு ஒரு ஜில்லாவாயிற்று. சட்டசபை போயிற்று, மந்திரிசபை போயிற்று, துப்பாக்கி விலக்கு மாத்திரம் நின்றது. ஏனெனில் அது குடகுச் சட்டசபை கொடுத்ததன்று. 1959-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, பொது நன்மைக்கு அவசியம் என்றோ உசிதம் என்றோ தோன்றினால், எந்த நபருக்கேனும் வகுப்பினருக்கேனும் விலக்கு அளிக்கவும், இந்தியாவின் எந்தப் பகுதியையேனும் சட்டத்தினின்று நீக்கவும் மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவின்கீழ் 1963-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட அறிவிப்பின்படி, குடக இனத்தைச் சேர்ந்தவர்களும், குடகில் ஜம்மா நிலம் உடையவர்களும் லைசென்ஸ் பெறவேண்டியதில்லை என்றாயிற்று. ஜம்மா என்பது, அரசருக்குச் சேவகம் செய்யும் கடமையுடன் குறைந்த தீர்வையில் பரம்பரையாக அநுபவித்துவந்த நில உரிமை. குடகர் அல்லாத ஜம்மாக்காரர்களும் இவ்விலக்கைப் பெறுகின்றனர்.

இனத்தைக் கொண்டும் நில உரிமையைக் கொண்டும் இவ்வாறு ஒரு சலுகை கொடுப்பது சமத்துவத்திற்கு விரோதமென்று கர்நாடக ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடரப்பட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 2019 அக்டோபரில் மத்திய சர்க்கார் இவ்விலக்கை 2029 அக்டோபர் 31 வரை நீட்டித்து அறிவிப்பு வெளியிட்டது. 2021 செப்டம்பரில் ஹைக்கோர்ட்டு அவ்விலக்கு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நெடுங்காலமாக அநுபவித்துவந்த வழக்கம் என்பதும், குறிப்பிட்ட காலத்திற்கு நிபந்தனைகளுடன் கொடுக்கப்பட்டது என்பதும் அத்தீர்ப்பிற்கு ஆதாரமாயின.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாதெனில், குடகின் துப்பாக்கி பிரதேச சுயாதிகாரத்தின் சின்னமாகத் தோன்றினாலும், சட்டப்படி அது மத்திய சர்க்கார் அளித்த சலுகையே. அது காலவரையறை உள்ளது. கொடுத்தவர் நீட்டிக்கலாம், நீட்டிக்காமலும் விடலாம். சொந்தச் சட்டசபை இருந்த காலத்திலும் குடகு அதைத் தானாக உண்டாக்கவில்லை. சட்டசபை போனபோது அதை இழக்கவுமில்லை. ஆகவே நமது மாநில சர்க்கார் குடகைப் போன்ற விலக்கை நமக்குத் தருமென்று காத்திருப்பது, பூட்டு ஒருவரிடத்தும் சாவி வேறொருவரிடத்தும் இருக்கப் பூட்டுள்ளவரைக் கெஞ்சுவது போலாகும்.

அமெரிக்காவின் அநுபவம்

துப்பாக்கி அரசியல் சட்டத்திலேயே உரிமையாக எழுதப்பட்டுள்ள நாட்டில் நிலைமை எவ்வாறு உள்ளது என்று கேட்கலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் சட்டத்தில் 1791-இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கூறுகிறது. மாநிலங்களும் அவ்வுரிமைக்குக் கட்டுப்பட்டவை என்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 2010-இல் தீர்ப்பளித்தது. அங்கே மத்திய சர்க்காருக்கும் மாநிலங்களுக்கும் இடையே நடந்த இரண்டு வழக்குகள் நமது கவனத்திற்கு உரியவை.

1993-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம் ஒன்று, துப்பாக்கி வாங்குவோரைப் பற்றி உள்ளூர்ப் போலீஸ் தலைவர்கள் விசாரிக்கவேண்டுமென்று கட்டளையிட்டது. மத்திய சர்க்கார் தன் வேலையைச் செய்யும்படி மாநில உத்தியோகஸ்தர்களைக் கட்டாயப்படுத்தலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1997-இல் தீர்ப்புக் கூறியது. பின்னர் 2021-இல் மிசூரி மாநிலம், மத்திய சர்க்காரின் சில துப்பாக்கிச் சட்டங்கள் தன் எல்லைக்குள் செல்லா என்றே ஒரு சட்டம் செய்தது. அது அரசியல் சட்டத்திற்கு விரோதமென மத்திய அப்பீல் கோர்ட்டு 2024-இல் தீர்ப்பளித்தது. இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், அந்நாட்டில் மாநிலம் மத்தியச் சட்டத்தை நடத்துவதினின்று தன் கையை விலக்கிக்கொள்ளலாம். சட்டத்தையே விலக்கிவிட முடியாது என்பது புலனாகும். நமது நாட்டிலோ ஏற்பாடு வேறு. இங்கே மத்தியச் சட்டத்தை நடத்துகிற கையே மாநிலத்தினுடையது. ஆகவே அந்தக் கை விரைவாகவும் நேர்மையாகவும் வேலை செய்யவேண்டும் என்று கேட்பதே நமக்குப் பலன் தரும் வழி.

விவசாயிக்குச் சட்டம் தரும் உரிமை

1959-ஆம் வருஷத்துச் சட்டம் விவசாயியை மறந்துவிடவில்லை. அதன் 13-ஆவது பிரிவு, உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்பிற்கென்று ஒருவர் கேட்டால், குழாயின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கவேண்டும் என்று கூறுகிறது. பயிரைக் காக்க அவ்வகைத் துப்பாக்கி போதாதென்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், உட்புறம் வரியில்லாத குழாயுள்ள வேறு துப்பாக்கிக்கும் லைசென்ஸ் கொடுக்கலாம். இங்கே இன வேறுபாடோ பரம்பரை நில உரிமையோ குறிப்பிடப்படவில்லை. குடகின் சலுகை சிலருக்கு மாத்திரம் உரியது. இந்தப் பிரிவு நாடு முழுவதிலுமுள்ள விவசாயிகளுக்கு உரியது.

அங்கத்தினர்கள் நினைவில் வைக்கவேண்டிய ஷரத்துகளாவன:

1. மனுதாரர் 21 வயது நிரம்பியவராக இருக்கவேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சி பெறவேண்டும் என்றும், அதை வீட்டில் பத்திரமாக வைக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்றும் 2016-ஆம் வருஷத்து விதிகள் வற்புறுத்துகின்றன.

2. மனு வந்ததும் அதிகாரி போலீஸ் அறிக்கை கேட்பார். விதித்த காலத்திற்குள் அறிக்கை வராவிட்டால், அதற்குக் காத்திராமலே அவர் தீர்மானம் செய்யலாம் என்று சட்டம் இடமளிக்கிறது.

3. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் லைசென்ஸ் மறுக்கலாகாது என்று 14-ஆவது பிரிவு கூறுகிறது. சிறிய நிலமுள்ளவரும் குத்தகைக்காரரும் இதை அறிந்திருப்பது மிகவும் அவசியம்.

4. லைசென்ஸ் மறுக்கப்பட்டால், காரணத்தை அதிகாரி எழுத்துமூலம் பதிவு செய்யவேண்டும். மனுதாரர் கேட்டால், பொது நன்மைக்கு விரோதமாயிருந்தாலன்றி, அக்காரணத்தைச் சுருக்கமாக அவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். 18-ஆவது பிரிவின்படி மேலதிகாரியிடம் அப்பீல் செய்துகொள்ளலாம்.

5. 2019-ஆம் வருஷத் திருத்தத்திற்குப் பின், ஒருவர் மூன்றுக்குப் பதிலாக இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். லைசென்ஸின் காலம் மூன்று வருஷத்தினின்று ஐந்து வருஷமாக்கப்பட்டது. கல்யாணம், திருவிழா முதலியவற்றில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி கவனமின்றி வெடி தீர்ப்பது இரண்டு வருஷம் வரை சிறையோ, ஒரு லக்ஷம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாயிற்று.

6. லைசென்ஸ் பெற்றவர் இறந்துவிட்டாலும், லைசென்ஸின் காலம் முடிந்தாலும், துப்பாக்கியை வீண் தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கவேண்டும். தகப்பனார் காலத்துத் துப்பாக்கிதானே என்று பரண்மேல் போட்டுவைப்பது குற்றம். கிராமங்களில் அறியாமையால் வழக்கில் சிக்குவோர் பலர் இவ்வகையினரே.

இச்சட்டத்தின் நடைமுறையில் விவசாயிகளுக்கு உண்மையான குறை ஒன்றும் உண்டு. தேர்தல் காலங்களில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி உத்தரவிடுவது வழக்கமாக உள்ளது. அமைதிக்கு அது வேண்டியதே. ஆயினும் பயிர் முற்றும் காலத்தில் தேர்தல் வந்தால், பயிர்க் காவலுக்கென்று கொடுத்த துப்பாக்கி போலீஸ் நிலையத்தில் கிடக்க, பயிர் பன்றிக்கு இரையாகிறது. எவருடைய துப்பாக்கியை வாங்கவேண்டும், எவருடையதை விடலாம் என்று ஆளுக்கு ஆள் ஆராய்ந்து முடிவு செய்யும்படி கேட்பது நியாயமான கோரிக்கையாகும். அவ்விதம் ஆராய்வதற்கு ஜில்லாதோறும் குழுக்கள் அமைக்கவும் ஏற்பாடு உண்டு.

லைசென்ஸ் வேறு, சுடும் அநுமதி வேறு

இனி மிக முக்கியமான ஒரு விஷயத்தைக் கூறவேண்டும். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் பெற்றவர் தம் நிலத்தில் வரும் மிருகத்தைச் சுட்டுக் கொல்லலாம் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. துப்பாக்கி வைத்திருப்பது ஆயுதச் சட்டத்தின்கீழ் வருவது. மிருகத்தைக் கொல்வது 1972-ஆம் வருஷத்து வனஜீவிகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. பின்னதன்படி வேட்டையாடுதல் பொதுவாகத் தடுக்கப்பட்டுள்ளது. காட்டுப்பன்றி போன்றவை உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து விளைவித்தால், அதிகாரம் பெற்ற உத்தியோகஸ்தர் எழுத்துமூலம் அநுமதித்த பின்னரே சுடலாம். குடகில் லைசென்ஸ் வேண்டாதவருக்கும் இச்சட்டத்தினின்று விலக்கு இல்லை.

ஆயுதம் மத்தியப் பட்டியலில் உள்ளது என்று கண்டோம். வனஜீவிகள் விஷயமோ 1976-இல் செய்த அரசியல் சட்டத் திருத்தத்தால் பொதுப் பட்டியலில் சேர்ந்தது. ஆதலால் மாநிலத்திற்கும் கிராமத்திற்கும் சுயாதிகாரத்திற்கு இடமிருப்பது துப்பாக்கியில் அன்று, அதை எப்போது சுடலாம் என்று தீர்மானிப்பதிலேயாகும். இதற்குக் கேரளம் நல்ல உதாரணம். காட்டுப்பன்றியைத் தீங்கு செய்யும் பிராணியாக அறிவிக்கும் அதிகாரம் மத்திய சர்க்காருடையது. அவ்வாறு அறிவிக்கவேண்டுமென்று கேரள சர்க்கார் பலமுறை கேட்டும் கிடைக்கவில்லை. எனவே 2022 மே மாதத்தில், சட்டம் ஏற்கெனவே தமக்கு அளித்திருந்த அதிகாரத்தை ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பகிர்ந்தளித்தனர். அதன்படி பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர் முதலியோருக்கு வந்தது. லைசென்ஸ் துப்பாக்கி உடையவர்களைக் கொண்டு அவ்வுத்தரவு நிறைவேற்றப்படுகிறது.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வேறொரு முறை அறிவிக்கப்பட்டது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றை வனத்துறையினர் சுடலாம். கேரளத்தில் துப்பாக்கி ஊராரிடமும் உத்தரவு பஞ்சாயத்திடமும் உள்ளன. இங்கே சுடும் பொறுப்பு வனத்துறையினருடையது. ஒரே மத்தியச் சட்டத்தின் கீழேயே இரண்டு மாநிலங்கள் இரண்டு வழிகளை மேற்கொண்டிருப்பதைக் காண்க. நமக்கு எது பொருந்தும் என்பது நமது சட்டசபையிலும் பஞ்சாயத்துகளிலும் விவாதித்து முடிவு செய்யத்தக்கது. அதற்கு டில்லியின் விலக்கு வேண்டியதில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

துப்பாக்கி கிராமத்தில் நுழையும்போது நன்மையோடு தீமையும் நுழைகிறது என்பதை மறக்கலாகாது. வரப்புத் தகராறு கைகலப்போடு முடிவதற்கும் கொலையில் முடிவதற்கும் உள்ள வேற்றுமை, கோபம் கொண்டவன் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்ததா என்பதைப் பொறுத்திருக்கக்கூடும். ஆகவே ஊரிலுள்ள துப்பாக்கிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது நமது நோக்கமாக இருக்கலாகாது. பயிர் காக்கப்படவேண்டும், அதற்கு எது குறைந்த ஆபத்துள்ள வழியோ அதையே முதலில் நாடவேண்டும்.

கூட்டுறவுச் சங்கங்கள் இதில் பெரிதும் உதவலாம். முதலாவதாக, பயிர்ச்சேதம் நேர்ந்த ஒவ்வொரு முறையும் தேதி, சர்வே எண், பயிர், சேதத்தின் அளவு ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் பதிந்துவைக்கலாம். நஷ்ட ஈடு கேட்பதற்கும், சுடும் அநுமதி கோருவதற்கும், லைசென்ஸ் மனுவிற்கும் இப்பதிவு ஆதாரமாகும். பத்து விவசாயிகள் தனித்தனியே சொல்லும் புகாரைக் காட்டிலும் சங்கத்தின் ஒரு பதிவுப் புத்தகம் அதிக வலியுடையது. இரண்டாவதாக, வேலி அமைப்பதையும் இரவுக் காவல் முறையையும் பல நிலங்களுக்குச் சேர்த்துக் கூட்டாக ஏற்பாடு செய்யலாம். ஒருவர் மாத்திரம் வேலியிட்டால் பன்றி அடுத்த நிலத்திற்குப் போகுமேயன்றி ஊரை விட்டுப் போகாது. மூன்றாவதாக, லைசென்ஸ் பெற்ற அங்கத்தினர்களுக்குப் புதுப்பிக்கும் தேதியை நினைவூட்டலாம். நான்காவதாக, அவுட்டுக்காய், மின்சார வேலி ஆகியவற்றால் பன்றியோடு மாடும் யானையும் மனிதரும் மடிவதை எடுத்துக்காட்டி, அவற்றைக் கைவிடும்படி செய்யலாம்.

சுயாதிகாரம் என்பது மத்தியச் சட்டத்தை மீறிக்கொள்ளும் சுதந்திரம் அன்று. நமது கைக்கு எட்டிய அதிகாரத்தை அறிந்து, அதை முழுதும் உபயோகித்துக்கொள்ளும் திறமையே அது. குடகரின் சலுகையைக் கண்டு ஏங்குவதைவிட, சட்டம் எல்லா விவசாயிகளுக்கும் அளித்துள்ள உரிமையைக் கேட்டுப் பெறுவதும், சுடும் உத்தரவு கிராமத்திற்கு அருகிலேயே கிடைக்கும்படி நமது மாநிலத்தையும் பஞ்சாயத்தையும் வேண்டுவதும் பயன் தரும். அங்கத்தினர்கள் இக்கட்டுரையைத் தங்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் வாசித்து, பயிர்ச்சேதப் பதிவுப் புத்தகம் ஒன்றை அன்றே தொடங்குவார்களாயின், அதுவே நல்ல ஆரம்பமாகும்.